திரும்பினால் நிற்கும் வண்டி: பழைய ஸ்பிளெண்டரின் வயரிங்கை நாமே பார்ப்பது எப்படி

போன மாசியில் ஒரு அண்ணாச்சி வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தார். முத்தையாபுரம் பக்கம் ஓர் உப்பளத்தில் கணக்கு எழுதுகிறவர். வண்டி 1999 மாடல் ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர். வாங்கின நாளிலிருந்து அவர் ஒருவரே ஓட்டுவது.

"தம்பி, நேரா போனா ராசா மாதிரி போவுது. இடது பக்கம் திருப்புனா பொட்டுன்னு நின்னுருது. என்னன்னு பாருங்க."

அதற்கு முன் வேறொரு கடையில் பிளக், பிளக் கேப், இக்னிஷன் காயில், பிளக்கில் ஸ்பார்க் அடிக்கவைக்கிற சிடிஐ என்ற சின்னப் பெட்டி, இந்த நாலையும் மாற்றியிருக்கிறார்கள். மூவாயிரம் சொச்சம் செலவு. ஆனாலும் வண்டி நிற்பது நின்றபாடில்லை. நான் கடைசியில் கண்டுபிடித்த கோளாறு அரை விரல் நீளம்கூட இல்லை. ஹாண்டில் கழுத்தில் ஒரே ஒரு வயர் தோலுரிந்து சேசிஸில் பட்டுக்கொண்டிருந்தது. அது எந்த வயர், எப்படிப் பிடித்தேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. பழைய வண்டியில் வயர் கெடுவது நடுவில் அபூர்வம். நுனியில், மூட்டில், வளைகிற இடத்தில், எர்த் (கரண்ட் சேசிஸ் வழியாகப் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழி) போல்ட்டில்தான் கெடும். அந்த நாலு இடத்தையும் அளந்து பார்க்காமல் ஒரு சாமானையும் மாற்றக் கூடாது.

நான் தூத்துக்குடியில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். இங்கே காற்றே உப்பு. வேப்பலோடை, தருவைகுளம், ஆறுமுகநேரி என்று அளங்களுக்குப் போய்வருகிற வண்டிகளைப் பார்த்தால் தெரியும். மேலே பெயின்ட் நன்றாக இருக்கும், வயர்களை இணைக்கிற கப்ளரைக் கழற்றினால் உள்ளே பச்சையாகக் களிம்பு பூத்திருக்கும். உங்கள் ஊரில் உப்புக் காற்று இல்லாமல் இருக்கலாம். இருபது வருட மழையும் வெயிலும் அதே வேலையைக் கொஞ்சம் மெதுவாகச் செய்திருக்கும்.

இங்கே சொல்வதெல்லாம் கிக் ஸ்டார்ட்டர் மட்டும் உள்ள பழைய ஸ்பிளெண்டரை வைத்து. அதே ஹோண்டா வழியில் வந்த மற்ற வண்டிகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும். வேறு கம்பெனி வண்டி என்றால் வயர் நிறங்கள் மாறும், பார்க்கும் முறை மாறாது.

வேண்டிய சாமான்

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், முந்நூறு நானூறு ரூபாய்க்குள் கிடைப்பதே போதும். பீப் சத்தம் போடுகிற வசதி இருக்கவேண்டும். அதைவிட முக்கியம் டெஸ்ட் லேம்ப். கடையில் வாங்க வேண்டாம். பழைய இண்டிகேட்டர் பல்பு, 12 வோல்ட் 10 வாட், அதன் ஹோல்டரோடு எடுத்து இரண்டு வயர் இழுத்து முனைகளில் கிளிப் போட்டால் முடிந்தது.

மீட்டர் இருக்கும்போது லேம்ப் எதற்கு என்று கேட்பார்கள். மீட்டர் கரண்டை இழுக்காது. வயருக்குள் இருபது இழையில் பத்தொன்பது அறுந்து ஒன்றே ஒன்று களிம்பேறி அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் என்றே காட்டும். பல்பைப் போட்டால் அது முக்கால் ஆம்பியருக்கு மேல் கேட்கும். அந்த ஒற்றை இழை தாங்காது. பல்பு மங்கும். மீட்டரில் கரண்ட் வருகிறது, ஹாரன் மட்டும் அடிக்கவில்லை என்று மண்டையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் எல்லாம் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

மற்றது எல்லாம் வீட்டிலேயே இருக்கும்: ஸ்பேனர், ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர், நைஸ் உப்புத்தாள், பழைய டூத் பிரஷ், கொஞ்சம் வாசலின். சால்டரிங் அயன், ஈயம், சூடுகாட்டினால் சுருங்கி இறுகுகிற ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் மூன்றும் வாங்கவேண்டி வரும்.

மேக்னெட்டுக்குள் மூன்று குடித்தனம்

கையை வைக்கும் முன் இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. எஞ்சினின் இடது பக்க மூடிக்குள் மேக்னெட் சுற்றுகிறது. அதனுள்ளே காயில் பிளேட். அங்கிருந்து வரும் கரண்ட் மூன்று வீடுகளுக்குப் போகிறது, ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் பேச்சுவார்த்தை குறைவு.

முதல் வீடு ஸ்பார்க். கறுப்பில் சிவப்புக் கோடு போட்ட வயர் சிடிஐக்குக் கரண்டைக் கொண்டுபோகிறது. நீலத்தில் மஞ்சள் கோடு, எப்போது அடிக்கவேண்டும் என்று நேரம் சொல்கிற பல்சர் வயர். சிடிஐயிலிருந்து கறுப்பில் மஞ்சள் கோடு வயர் இக்னிஷன் காயிலுக்கு. இந்த வீட்டுக்குப் பேட்டரி தேவையே இல்லை. பேட்டரியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும்.

இரண்டாவது வீடு ஹெட்லைட், டெயில் லைட், ஸ்பீடோமீட்டர் விளக்கு. மஞ்சள் வயரில் ஏசி கரண்டாக வந்து ஸ்விட்சு வழியாக நேரே பல்புக்கு. அதனால்தான் ஐடிலில் ஹெட்லைட் மங்கி, ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் பிரகாசம் ஆகிறது. "பேட்டரி வீக்கு, அதான் ஹெட்லைட் டல்லு" என்று இந்த வண்டிக்கு யாராவது சொன்னால் அவரிடம் வண்டியை விட வேண்டாம்.

மூன்றாவது வீடு பேட்டரி. வெள்ளை வயர் ரெகுலேட்டருக்குப் போய், அங்கே டிசியாக மாறி, சிவப்பு வயரில் பேட்டரிக்குப் போகிறது. பேட்டரியிலிருந்து ப்யூஸ், சாவி ஸ்விட்சு, அங்கிருந்து கறுப்பு வயர். ஹாரன், பிரேக் லைட், இண்டிகேட்டர், நியூட்ரல் விளக்கு எல்லாம் இந்தக் கறுப்பு வயரை நம்பித்தான் இருக்கின்றன.

பச்சை வயர் எங்கே பார்த்தாலும் எர்த். மூன்று வீட்டுக்கும் பொதுவான வாசல் அதுதான்.

இதை வைத்துக்கொண்டே ஸ்பேனர் எடுக்காமல் பாதிக் கோளாறைச் சொல்லிவிடலாம். எஞ்சின் ஓடுகிறது, ஹெட்லைட் எரிகிறது, ஆனால் ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட் மூன்றும் செத்துக் கிடக்கின்றனவா? பேட்டரி, ப்யூஸ், சிவப்பு வயர், சாவி ஸ்விட்சு. இதைத் தாண்டி எங்கும் போகவேண்டாம். ஹாரன் நன்றாக அடிக்கிறது, ஸ்பார்க் இல்லையா? பேட்டரியை மறந்துவிடுங்கள். எல்லாமே ஏதோ பேய் பிடித்த மாதிரி கலந்து கலந்து எரிகிறதா? பச்சை வயர்.

பேட்டரியில் தொடங்கி

பெட்ரோல் டேப்பை மூடுங்கள். சைடு கவரைக் கழற்றிப் பேட்டரி முனைகளைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிப் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து, காயவைத்து, உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்கி, இறுக்கி முடுக்கிவிட்டு அதன் மேல் வாசலின் தடவுங்கள். வாசலின் தடவிவிட்டு முடுக்கக் கூடாது, முடுக்கிவிட்டுத் தடவவேண்டும். கழற்றும்போது மைனஸை முதலில் கழற்றுங்கள். பிளஸ்ஸைக் கழற்றும்போது ஸ்பேனர் தவறிச் சேசிஸில் பட்டாலும் அப்போது ஒன்றும் ஆகாது.

வண்டி நின்று சில மணி நேரம் ஆன பிறகு மீட்டரை டிசி 20-இல் வைத்து அளந்தால் 12.6-க்கு மேல் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12-க்குக் கீழே என்றால் காலி. இப்போது பிரேக்கை மிதித்துக்கொண்டு ஹாரனையும் அடித்துப் பாருங்கள். எண் 11-க்குக் கீழே விழுந்தால் பேட்டரிக்குச் சார்ஜ் போட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் விழுந்தால் பேட்டரி போய்விட்டது.

வண்டியை ஸ்டார்ட் செய்து முறுக்கிப் பிடித்து அளந்தால் 14 வோல்ட் சுற்றுவட்டாரத்தில் வரவேண்டும். ஏறவே இல்லை என்றால் சார்ஜ் வரவில்லை. 15-ஐத் தாண்டிப் போனால், அல்லது ஹெட்லைட் பல்பு மாதம் ஒன்று போனால், ரெகுலேட்டர் கட்டுப்படுத்தவில்லை என்று அர்த்தம். உடனே புது ரெகுலேட்டர் வாங்க ஓடவேண்டாம். அதன் பச்சை வயர் சேசிஸைத் தொடுகிறதா பாருங்கள். எர்த் இல்லாத ரெகுலேட்டர் வேலை செய்ய முடியாது. நான் மாற்றாமலே சரிசெய்த ரெகுலேட்டர்கள் மாற்றினதைவிட அதிகம்.

ப்யூஸைப் பற்றி ஒரே வார்த்தை: பெட்டியில் எத்தனை ஆம்பியர் எழுதியிருக்கிறதோ அதுதான். சிகரெட் பாக்கெட் ஈயத்தாளைச் சுற்றிப் போட்ட கண்ணாடி ப்யூஸ்கள் ஒரு டப்பா நிறையச் சேர்த்துவைத்திருக்கிறேன். பிரேக் லைட் 21 வாட், இண்டிகேட்டர் ஒரு பக்கம் இரண்டு பல்பு 20 வாட். இரண்டும் சேர்ந்தே மூன்றரை ஆம்பியர்தான் ஆகும். ஹாரனைச் சேர்த்தாலும் ப்யூஸ் தாங்கும். அது போகிறது என்றால் எங்கோ ஒரு வயர் சேசிஸைத் தொடுகிறது. ஈயத்தாள் போட்டால் ப்யூஸுக்குப் பதில் வயர் எரியும், அதுவும் பெட்ரோல் டேங்குக்கு அடியில்.

ப்யூஸ் போய்க்கொண்டே இருந்தால் தேடும் வழி இது. ப்யூஸை எடுத்துவிட்டு அதன் இரண்டு முனையிலும் டெஸ்ட் லேம்ப்பைக் கிளிப் போடுங்கள். சாவியைப் போடுங்கள். எங்கோ ஷார்ட் இருந்தால் லேம்ப் முழு வெளிச்சத்தோடு எரியும், ப்யூஸ் மாதிரி ஒன்றும் பொசுங்காது. இப்போது பொறுமையாக ஒவ்வொரு கப்ளராகக் கழற்றுங்கள், வயர் கட்டை அங்கங்கே அசையுங்கள். லேம்ப் எப்போது அணைகிறதோ அங்கேதான் வியாதி. நியூட்ரலில் நின்றால் அந்தச் சின்ன பல்பு வழியாகக் கொஞ்சம் கரண்ட் போய் லேம்ப் லேசாகச் சிவக்கலாம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கியரில் போட்டுவிட்டுப் பாருங்கள்.

பச்சை வயர், பச்சைக் களிம்பு

டெயில் லைட்டில் எர்த் விட்டுப்போனால் வேடிக்கை பார்க்கலாம். பிரேக் மிதித்தால் பிரேக் லைட் எரியாது, ஆனால் முன்னால் ஸ்பீடோமீட்டர் விளக்கு மினுக்கும். ஒரே பல்புக்குள் 21 வாட் இழையும் 5 வாட் இழையும் இருக்கின்றன. எர்த்துக்குப் போக வழி கிடைக்காத கரண்ட், பக்கத்து இழை வழியாகப் பழுப்பு வயரில் திரும்பி ஓடி ஸ்பீடோமீட்டர் பல்பு வழியாக எர்த்தைத் தேடுகிறது. அளத்து ஆட்கள் இதைப் பார்த்துவிட்டு "லைனு மாறிக் கெடக்கு" என்பார்கள். லைன் ஒன்றும் மாறவில்லை. டெயில் லைட் பச்சை வயரின் லக்கை, அதாவது நுனியில் உள்ள உலோகக் கொண்டியை, கழற்றித் தேய்த்துப் போட்டால் அடங்கிவிடும்.

எர்த்தை அளக்க ஓம் (மின்தடை) பார்க்காதீர்கள். சின்ன மீட்டர்கள் ஓமில் அரை, ஒன்று என்று கலங்கிச் சொல்லும். கரண்ட் ஓடும்போது வோல்ட் பாருங்கள். மீட்டரின் கறுப்புக் கம்பியைப் பேட்டரி மைனஸில் வையுங்கள். சிவப்புக் கம்பியை டெயில் லைட் பல்பு ஹோல்டரின் உலோக உடம்பில் வையுங்கள். யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். 0.1, 0.2 என்றால் பழைய வண்டிக்கு நல்ல எர்த். அரை வோல்ட்டைத் தாண்டினால் நடுவில் எங்கோ களிம்பு. அதே போலப் பிளஸ் பக்கமும்: பேட்டரி பிளஸ்ஸுக்கும் பல்பின் அடிப் புள்ளிக்கும் நடுவே, பிரேக் மிதித்திருக்கும்போது எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்று பாருங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் தொலைந்தால் ஒவ்வொரு மூட்டாக முன்னால் நகர்ந்து எங்கே தொலைகிறது என்று பிடிக்கலாம்.

ஒரு ஓம் என்றால் அற்பம் என்று தோன்றும். ஹெட்லைட் 35 வாட் பல்பு, எரியும்போது நாலு ஓம்தான். வழியில் ஒரு ஓம் களிம்பு சேர்ந்தால் தோராயமாக 23 வாட் பல்பாகக் குறைந்துவிடும். மீதியில் ஒரு பகுதி அந்த மூட்டையே சூடாக்கிக்கொண்டிருக்கும். ஹெட்லைட் மங்கல் என்று பெரிய பல்பு வாங்கிப் போடுகிறவர்கள் அந்த மூட்டை இன்னும் வேகமாக உருக்குகிறார்கள்.

எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் நடுவே பெயின்ட் அடித்த வண்டிகளையும் கவனியுங்கள். ஆசையாகச் சேசிஸுக்குப் பவுடர் கோட்டிங் செய்துவிட்டு, எர்த் லக் வைக்கிற இடத்தைச் சுரண்டாமலே முடுக்கி அனுப்பிவிடுவார்கள். புத்தம் புதிதாக மின்னும் வண்டியில் ஒன்றும் எரியாது. லக் உட்காரும் வட்டம் அளவுக்கு வெள்ளை இரும்பு தெரியச் சுரண்டி, முடுக்கி, மேலே வாசலின்.

2023 டிசம்பர் வெள்ளத்தைச் சொல்லாமல் களிம்பு பற்றி எழுத முடியாது. 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 94 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது; தூத்துக்குடித் தெருக்களில் வண்டிகள் சீட் வரை முங்கிக் கிடந்தன. அந்த வண்டிகள் தை மாதமே ஓடத் தொடங்கிவிட்டன. வயரிங் கோளாறு என்று அவை என்னிடம் வந்தது ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து. தண்ணீர் லக் நுனி வழியாக இன்சுலேஷனுக்குள் இழைகளுக்கு நடுவே ஏறி உட்கார்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட வயரை நுனியில் உரித்துப் பாருங்கள். செம்பு நிறத்தில் இருக்கவேண்டிய இழை கரியாகக் கறுத்திருக்கும். அதில் ஈயம் ஒட்டாது, லக் பிடிக்காது. செம்பு நிறம் தெரியும்வரை வெட்டிக்கொண்டே பின்னால் போகவேண்டும். ஒரு சாண் தாண்டியும் கறுப்பாகவே இருந்தால் அந்த வயரை முழுசாக மாற்றுவதுதான் வழி.

அண்ணாச்சியின் வண்டி

இந்த வண்டியில் சாவியை ஆஃப் செய்தால் எஞ்சின் எப்படி நிற்கிறது? பேட்டரியோடு ஸ்பார்க்குக்குச் சம்பந்தமே இல்லை என்று மேலே சொன்னேன். கரண்டை வெட்டி நிறுத்துவதில்லை. சிடிஐயிலிருந்து கறுப்பில் வெள்ளைக் கோடு போட்ட ஒரு வயர் சாவி ஸ்விட்சுக்கு வருகிறது. சாவியை ஆஃப் செய்ததும் ஸ்விட்சுக்குள் அந்த வயர் பச்சையோடு சேர்ந்து எர்த் ஆகிறது. சிடிஐக்கு வரவேண்டிய கரண்ட் தரைக்கு ஓடிவிடுகிறது. வண்டி நிற்கிறது.

அப்படியென்றால் சாவி ஆன் நிலையிலேயே இருக்க, வழியில் எங்காவது அந்தக் கறுப்பு-வெள்ளை சேசிஸைத் தொட்டாலும் அதே கதைதான். சிடிஐக்கு எதுவும் ஆகவில்லை. அதற்கு நிறுத்தச் சொல்லி உத்தரவு போகிறது, அது நிற்கிறது, அவ்வளவுதான்.

அண்ணாச்சியிடம் முதலில் ஒரு கேள்வி கேட்டேன். "நின்னு போகும்போது ஹாரன் அடிச்சிப் பாத்தீயளா?"

"அடிச்சிச்சே. அது நல்லாத்தான் அடிச்சி."

அந்தப் பதிலிலேயே சிவப்பு, கறுப்பு, பேட்டரி எல்லாம் கழிந்தது. டேங்கைக் கழற்றிச் சிடிஐ கப்ளரை உருவினேன். பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டேன். மீட்டரைப் பீப்பில் வைத்து, ஒரு கம்பியைக் கப்ளரின் கறுப்பு-வெள்ளைப் பின்னில், மறு கம்பியைச் சேசிஸில் சுரண்டின இடத்தில். சாவி ஆஃப்: பீப் அடித்தது, அது சரி. சாவி ஆன்: நின்றது, அதுவும் சரி. ஹாண்டிலை வலது பக்கம் கடைசி வரை திருப்பினேன். சத்தமில்லை. இடது பக்கம் மெதுவாகக் கொண்டுபோனேன். முக்கால் திருப்பத்தில் பீப், விட்டால் சத்தமில்லை, மறுபடி கொண்டுபோனால் பீப். அண்ணாச்சி ஸ்டூலிலிருந்து எழுந்து பக்கத்தில் வந்துவிட்டார். தானே ஹாண்டிலைப் பிடித்து நாலு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கழுத்துப் பக்கம் வயர் கட்டைச் சேசிஸோடு பிடித்துவைக்கும் கிளிப் எப்போதோ உடைந்து, யாரோ கட்டுக்கம்பியால் கட்டியிருந்தார்கள். அந்தக் கம்பி பழைய ஸ்லீவையும் அறுத்து, வயரின் தோலையும் அறுத்து, உள்ளே போய்விட்டது. இடது பக்கம் திருப்பும்போது வயர் விறைத்து இழைகள் கட்டுக்கம்பியைத் தொடும். கட்டுக்கம்பி சேசிஸைத் தொடும். மூவாயிரம் ரூபாய்ச் சாமான் எல்லாம் இந்தக் கட்டுக்கம்பிக்குத்தான் பலி.

உங்கள் வண்டியில் ஸ்பார்க்கே இல்லை என்றாலும் முதலில் இதே வழியைப் பாருங்கள். சாவி ஆன்னில் கறுப்பு-வெள்ளை எர்த்தைத் தொடக் கூடாது. நடுரோட்டில் நின்றுவிட்டால் சாவி ஸ்விட்சிலிருந்து வரும் அந்த ஒரு வயரை ஹெட்லைட் டூமுக்குள் (ஹெட்லைட்டின் கூட்டுக்குள்) கழற்றிவிட்டு உதைத்துப் பாருங்கள். வண்டி எடுத்தால் கோளாறு ஸ்விட்சிலோ அதற்குப் போகும் வயரிலோதான். பிறகு வண்டியை நிறுத்தச் சாவி உதவாது. டாப் கியரில் போட்டு, பிரேக்கை அழுத்திக்கொண்டு, கிளட்சை மெதுவாக விட்டு நிறுத்தவேண்டும். வீடு போய்ச் சேர இது போதும், ஊர் சுற்ற அல்ல.

ஓர் எச்சரிக்கை. கறுப்பு-சிவப்பு வயரைக் கையில் பிடித்துக்கொண்டு கிக்கரை உதைக்காதீர்கள். 12 வோல்ட் வண்டிதானே என்பார்கள். அந்தக் காயிலில் நூறு வோல்ட்டுக்கு மேல் வரும். எனக்கு முதல் வருடத்தில் கிடைத்த அடி இன்னும் முழங்கையில் ஞாபகம் இருக்கிறது.

அறுந்ததை ஒட்டவைப்பது

கழுத்தில் இன்னொரு விதமாகவும் வயர் சாகும். வெளித்தோல் முழுசாக இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். கண்ணால் தெரியாது. ஒவ்வொரு வயராக இரண்டு விரல் இடைவெளியில் பிடித்து லேசாக இழுங்கள். நல்ல வயர் விறைப்பாக நிற்கும். உள்ளே அறுந்த வயர் அந்த இடத்தில் சவ்வு மாதிரி இழுபடும். இதற்கு மீட்டர்கூட வேண்டாம்.

வளைகிற இடத்தில் மூட்டுப் போடக் கூடாது. ஈயம் பற்றவைத்த இடம் குச்சி மாதிரி விறைத்துவிடும். ஈயம் முடிகிற ஓரத்தில் இழைகள் மறுபடி ஒடியும். அதனால் கழுத்தில் அறுந்திருந்தால் அந்த நீளத்தை முழுசாக வெட்டி எறிந்துவிட்டு, ஹெட்லைட் டூமுக்குள் ஒரு மூட்டு, டேங்குக்கு அடியில் அசையாத இடத்தில் ஒரு மூட்டு என்று புதுத் துண்டு கோர்ப்பேன். அண்ணாச்சிக்கும் அதைத்தான் செய்தேன். புது வயர் பழையதன் தடிமனுக்குக் குறையக் கூடாது. நிறையச் சன்ன இழைகள் உள்ள ஆட்டோ வயராக இருக்கவேண்டும். வீட்டு வயரிங்கில் மிச்சமான ஒற்றைக் கம்பி வயரைப் போட்டால் அதிர்விலேயே ஒடிந்துவிடும். கிடைத்தால் அதே நிறம் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் இரண்டு முனையிலும் பழைய நிறத்துத் தோல் துண்டு ஒன்றைச் செருகிவையுங்கள், அடுத்துப் பார்க்கிறவன் உங்களைத் திட்டமாட்டான்.

ஹீட் ஷ்ரிங்க்கை முதலில் வயருக்குள் கோர்த்துத் தள்ளிவையுங்கள். எத்தனை வருடம் ஆனாலும் பற்றவைத்து முடித்த பிறகுதான் இது ஞாபகம் வரும், எனக்கும். இரண்டு முனையும் முக்கால் அங்குலம் உரித்து, ஒன்றையொன்று குறுக்கே வைத்து, எதிரெதிராக இறுக்கிச் சுற்றுங்கள். ஈயம் இல்லாமலே இழுத்தால் நிற்கவேண்டும். அயனை வயருக்கு அடியில் வைத்து, மேலிருந்து ஈயத்தைத் தொடுங்கள். வயரின் சூட்டில் ஈயம் தானே உருகி உள்ளே இறங்கவேண்டும். அயன் நுனியில் உருக்கிக் கொண்டுவந்து அப்பினால் மேலே முத்து மாதிரி உட்காரும், உள்ளே ஒட்டியிருக்காது. இந்த வேலைக்கு டேங்க் வண்டியில் இருக்கக் கூடாது, பக்கத்திலும் கூடாது. கார்புரேட்டர் ஓஸில் சொட்டியிருக்கும் பெட்ரோலையும் துடைத்துக் காயவிடுங்கள்.

ஆறின பின் ஸ்லீவை இழுத்துச் சூடுகாட்டுங்கள். மொத்தக் கட்டுக்கும் மேலே பிவிசி ஸ்லீவ் போட்டுவிட்டால் நல்லது. சாதாரண டேப்பை நான் முனைகளில் மட்டும்தான் சுற்றுவேன். சித்திரை வெயிலில் டேங்குக்கு அடியில் அதன் பசை உருகி வழிந்து தூசியோடு சேர்ந்து கோந்தாகிவிடும். கட்டுவதற்குப் பிளாஸ்டிக் டை, அதையும் ரொம்ப இறுக்காமல். கட்டுக்கம்பி கூடாது.

லக்குகள், கப்ளர்கள் எல்லாவற்றையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். பெண் லக் வாய் விரிந்திருந்தால் பிளேயரால் நோகாமல் அமுக்குங்கள், ஆண் லக்கை உப்புத்தாளால் துடையுங்கள். கருகி உருகின கப்ளரைத் தேய்த்துப் பிரயோஜனமில்லை, மாற்றிவிடுங்கள். ஹெட்லைட் டூமைத் திறந்தால் வயர் காடு பார்த்து மலைக்காதீர்கள். கழற்றும் முன் போனில் நாலு படம் எடுத்துவையுங்கள். ஒன்றைக் கழற்றி, துடைத்து, மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

இண்டிகேட்டர் விஷயம் சின்னது. ஒரு பக்கம் சரியாகச் சிமிட்டி, மறுபக்கம் சிமிட்டாமல் அப்படியே நின்று எரிந்தால் சிமிட்டவைக்கிற ஃபிளாஷர் மேல் தப்பில்லை. அந்தப் பக்கத்துப் பல்பு ஒன்று போயிருக்கும், அல்லது தண்டுக்கு எர்த் இல்லை. ஆரஞ்சு இடது, இளநீலம் வலது, ஃபிளாஷரிலிருந்து வருவது சாம்பல் நிறம்.

மாட்டும்போது டேங்கை வைத்து முடுக்கும் முன் ஹாண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, வயர் எங்கும் விறைக்கவில்லை, எங்கும் மாட்டவில்லை என்று பாருங்கள். சீட் போல்ட்டுக்கு அடியில் ஒரு வயரும் நசுங்கக் கூடாது. ஸ்டார்ட் செய்து, ஐடிலில் விட்டு, மறுபடியும் இரண்டு பக்கமும் திருப்புங்கள். இருட்டின பிறகு ஒரு சுவருக்கு எதிரே நிறுத்தி ஹை, டிம் இரண்டும் பாருங்கள்.

அண்ணாச்சி அன்று சாயங்காலம் கடை வாசலில் இடது பக்கமாகவே ஆறு வட்டம் அடித்தார். ஏழாவது வட்டத்தில் ஹாரனையும் சேர்த்து அடித்துக்கொண்டே அப்படியே ரோட்டில் ஏறிப் போய்விட்டார். வயருக்கும் ஈயத்துக்கும் நூற்றைம்பது ரூபாய், மறுநாள் பையனிடம் கொடுத்தனுப்பினார், கூடவே ஒரு பொட்டலம் மக்ரூன்.